பூகோளப் பாடமும் நம்ம ஊர் ஏரியும்



ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை நம் பிள்ளைகள் சமூக அறிவியல் படிக்கிறார்கள். வரலாறு, புவியியல், குடிமையியல் மூன்றும் அதில் அடங்கும். நாம் படித்த காலத்தில் பூகோளம் என்றோமே, அதுதான் புவியியல்.

"என்ன கண்ணு படிச்சே?" என்று கேட்டால் ஆறு பேரு, மலை பேரு எல்லாம் கடகடவென்று ஒப்பிக்கிறார்கள். "மேற்கு எந்தப் பக்கம்?" என்றால் முழிக்கிறார்கள். பத்தாம் வகுப்புப் பரீட்சையில் வரைபடக் கேள்விக்குத் தனி மதிப்பெண் உண்டு. மனப்பாடம் அங்கே கைகொடுக்காது.

2018, 2019ஆம் ஆண்டுகளில் வந்த பாடப்புத்தகங்களில் படங்களும் செயல்பாடுகளும் நிறைய உள்ளன. அவற்றைச் செய்து பார்த்தால்தான் பாடம் மனதில் தங்கும். அதற்கு நாமும் உதவலாம். குழுவில் கோலமாவால் ஊர் வரைபடம் போட்டோமே, அதுவே பூகோளப் பாடம்தான்!

வீட்டில் செய்து பார்ப்போம்:

1. திசை: கீழ்பென்னாத்தூரில் நின்றால் அண்ணாமலை மேற்கே இருக்கிறது. அதை வைத்து மற்ற திசைகளைச் சொல்லச் சொல்லுங்கள்.

2. அளவு: 1 செ.மீ. என்பது 5 கி.மீ. என்று வைத்தால், 20 கி.மீ. தூரத்துக்கு எத்தனை செ.மீ. கோடு? 4 செ.மீ.

3. குறியீடு: வாசலில் ஏரி, கோயில், பள்ளிக்கூடம், ரோடு இவற்றுக்கு ஆளுக்கொரு அடையாளம் போடட்டும்.

4. சரிவு: மழைத்தண்ணீர் எங்கிருந்து வந்து எந்தக் கால்வாய் வழியாக ஏரிக்குப் போகிறது என்று நடந்து பார்த்து வரையட்டும்.

இது மார்க்குக்கு மட்டுமல்ல. 2024 டிசம்பர் 1ஆம் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலை மலையடிவாரத்தில் மண் சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். அதில் ஐந்து பேர் குழந்தைகள். மறுநாள் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் பெருகி, விழுப்புரம், கடலூர் மாவட்டங்கள் வரை வெள்ளம் போனது. எது பள்ளம், எது நீர்வழி என்று தெரிந்த பிள்ளை பெரியவர்களையும் எச்சரிக்கும்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் பாதிப்பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்பது கல்வி உரிமைச் சட்டம். அடுத்த கூட்டத்தில் நாம் கேட்போம்: "வகுப்பில் வரைபடம் மாட்டியிருக்கா? உலக உருண்டை பிள்ளைங்க கைக்குக் கிடைக்குதா? வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஏரிக்கரைக்குக் கூட்டிப் போறீங்களா?"

குறை சொல்வதற்காக அல்ல, ஆசிரியருக்குத் துணையாக நிற்பதற்காக. ஏரியைப் பற்றி நமக்குத் தெரிந்ததை நாமே வகுப்பில் போய்ச் சொல்லலாமே!