சுவரே அச்சாக, இருபுறமும் சிறார்

பூங்காக்களில் சிறுவர் இருவர் எதிரெதிரே அமர்ந்து, ஒருவர் ஏற மற்றவர் இறங்கி விளையாடும் 'சீசா' பலகையை நம் இல்லத்துச் சிறார் நன்கறிவர். அதற்கு நடுவில் ஓர் அச்சு வேண்டும். இரு முனையிலும் ஆள் வேண்டும். தனியொருவர் அதில் அமர்ந்து பயனில்லை. இந்த எளிய விளையாட்டுப் பொருளை, இரு நாடுகளைப் பிரித்து நிற்கும் எல்லைச் சுவரின் ஊடே செருகிப் பார்த்தனர் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் இருவர்.

ரொனால்ட் ரேல், விர்ஜினியா சான் ஃபிராட்டெல்லோ என்போர் அவ்விருவர். கலிஃபோர்னியாவில் பேராசிரியர்களாகப் பணிபுரிபவர்கள். அமெரிக்காவுக்கும் மெக்சிகோவுக்கும் இடையிலுள்ள எல்லையின் நீளம் ஏறத்தாழ 3,145 கிலோமீட்டர். 2006ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின் அதில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு வேலி எழுந்தது. இத்துணைப் பெருஞ்செலவில் எழும் சுவர், மனிதரைத் தடுப்பதன்றி வேறு எதற்கும் உதவலாகாதா என்று இவர்கள் வினவினர். இருபுறத்தாரும் பயிலும் நூலகம், இரும்புக் கம்பங்களைத் தட்டி இசைக்கும் கருவி, இரு நாட்டாரும் எதிரெதிரே அமர்ந்து உண்ணும் உணவுக்கடை என அவர்கள் வரைந்தவை பல. கேட்ட மாத்திரத்தில் சிரிப்பு வரும். சற்றுப் பொறுத்தால் நெஞ்சில் தைக்கும். சீசாவும் 2009இலேயே காகிதத்தில் இடம்பெற்றுவிட்டது. பத்தாண்டுகள் அது வரைபடமாகவே கிடந்தது.

2019 ஜூலை 28ஆம் நாள். நியூ மெக்சிகோ மாநிலத்துச் சன்லாண்ட் பார்க்குக்கும், எல்லைக்கப்பால் ஹுவாரெஸ் நகரின் அனாப்ரா பகுதிக்கும் நடுவே நிற்கும் கம்பங்களின் இடைவெளியில் மூன்று பலகைகள் நுழைக்கப்பட்டன. ஹுவாரெஸில் கொலையுண்ட பெண்களுக்கான நினைவுச் சின்னங்களின் ரோஜா நிறமே அவற்றுக்கும் தீட்டப்பட்டிருந்தது. குழந்தைகள் ஓடிவந்தனர், பெரியவர்களும் கூச்சம் விட்டு அமர்ந்தனர். இப்புறத்துக் குழந்தை தரையில் காலூன்றி எழும்பினால் அப்புறத்துக் குழந்தை தாழும். ஒரு பக்கத்தின் செயல் மறுபக்கத்தை நேரே தொடும் என்பதை இது காட்டுவதாக ரேல் விளக்கினார். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, பலகைகள் உருவி எடுக்கப்பட்டன. லண்டனிலுள்ள டிசைன் மியூசியம், 2020ஆம் ஆண்டின் தலைசிறந்த வடிவமைப்பு என இதற்கு விருதளித்தது.

ஆயினும் வாசக அன்பர்களே, ஓர் ஐயம் எழாமலில்லை. சுவரை அழகுபடுத்தினால் அதனை ஏற்றுக்கொண்டதாகிவிடாதா? இதற்கு விடை சொல்ல நம்மினும் தகுதியுடையோர் பலஸ்தீன மக்களே. மேற்குக் கரையில் 2002 முதல் இஸ்ரேல் எழுப்பிய தடுப்பு, பெத்லஹேம் போன்ற இடங்களில் 8 மீட்டர் உயரக் கான்கிரீட் சுவராக நிற்கிறது. உழவரின் இல்லம் ஒருபுறமும் ஒலிவத் தோப்பு மறுபுறமுமாய்ப் பிரிந்துபோன ஊர்கள் உண்டு. ஆக்கிரமித்த மண்ணில் இதனைக் கட்டுவது சர்வதேசச் சட்டத்துக்கு முரண் என்று 2004 ஜூலை 9 அன்று சர்வதேச நீதிமன்றம் கருத்துரைத்தது. சுவரோ அசையவில்லை.

2005இல், பேங்க்ஸி எனும் புனைபெயருக்குள் மறைந்து வாழும் பிரிட்டன் நாட்டு ஓவியர் அங்கு சென்று படங்கள் தீட்டினார். பலூன்களைப் பற்றியபடி சுவரைக் கடந்தெழும் சிறுமி அவற்றுள் ஒன்று. அப்போது முதியவர் ஒருவர் அருகே வந்து, சுவர் அழகாகிறதே என்றாராம். ஓவியர் நன்றி கூறவும், இது அழகாக வேண்டாம், இதனை நாங்கள் வெறுக்கிறோம், ஊர் போய்ச் சேரும் என்றாராம் பெரியவர். இதனைப் பதிவு செய்திருப்பவர் அந்த ஓவியரே.

அம்முதியவரின் சொல்லை உரைகல்லாகக் கொண்டால், சீசா பலகை தேறும் என்றே எண்ணுகிறேன். அது சுவருக்கு வண்ணம் பூசவில்லை. மறுபுறத்தில் ஆளைத் தேடிற்று. பலகைகள் அகன்றபின் கம்பங்கள் முன்போலவே துருவேறி நின்றன. சிறார் அவரவர் பக்கமாய் வீடு திரும்பினர்.