பரிசு கொடுத்தால் குழந்தையின் உதவும் குணம் குறைவது ஏன்?

துணி காயப்போடும்போது கிளிப் கைநழுவினால், தத்தித் தத்தி வந்து எடுத்து நீட்டுகிறது குழந்தை. கேட்காமலே வரும் உதவி அது. எவ்வளவு பெரிய விஷயம்! ஜெர்மனியின் லைப்சிக் நகர ஆய்வாளர்கள் வார்னெக்கன், தொமசெல்லோ 20 மாதக் குழந்தைகளிடம் இந்த உதவும் குணத்தைச் சோதித்து 2008-இல் வெளியிட்டார்கள். உதவியதற்கு விளையாட்டுப் பொருள் பெற்ற குழந்தைகள், அது நின்றதும் மற்றவர்களைவிடக் குறைவாகவே உதவினார்கள். கதை சொல்லியே சோறூட்டிப் பழக்கிய பிள்ளை, பசித்தாலும் கதையில்லாமல் வாய் திறக்காதல்லவா? அதுபோல, உள்ளிருந்த விருப்பத்தின் இடத்தைக் கூலி பிடித்துக்கொள்கிறது.

பாராட்டவே கூடாதா என்று கேட்பீர்கள். அதே ஆய்வில், வாய்வார்த்தையாகப் பாராட்டு பெற்ற குழந்தைகளிடம் உதவி குறையவில்லை. ஆகவே உதவியதற்குப் பரிசாக மிட்டாயை நீட்டாதீர்கள். “நீ எடுத்துக் கொடுத்ததால் அம்மாவுக்குக் குனிகிற வேலை மிச்சம்” என்று சொல்லுங்கள்.