ஏறின கியரில்தான் இறங்கணும்!

"நேயர்களே, சாலையில் கவனமாகப் போங்கள்." காலை ஆறு மணிக்கு ஒலிவாங்கி முன்னால் உட்கார்ந்து தினமும் இதைச் சொல்பவன் நான். ஈப்போவில் எழுந்து வேலைக்குக் கிளம்புகிறவர்கள் பலருக்கு என் குரல் பழக்கம். அப்படிப்பட்ட நானே ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, செப்பாங் பந்தயத் தளத்தில், என் காரின் முன்சக்கரத்திலிருந்து புகை வருவதைப் பார்த்து என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன்.

நான் படித்தது ஊடகத்துறை. இயந்திரம் படித்தவன் அல்ல. ஆனால் கார் ஆசை மட்டும் சின்ன வயதிலிருந்தே உண்டு. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித் குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தபோது, எங்கள் நிகழ்ச்சியில் அன்று முழுக்க அதே பேச்சுதான். அந்தச் சூட்டில் எனக்கும் ஆசை பிறந்தது. 'டிராக் டே'யில் பெயர் கொடுத்தேன்.

டிராக் டே என்பது பந்தயம் அல்ல. கட்டணம் கட்டி, ஹெல்மெட் போட்டுக்கொண்டு, சொந்தக் காரையே பந்தயத் தளத்தில் ஓட்டிப் பார்க்கும் நாள். பரிசும் இல்லை, கோப்பையும் இல்லை. என் கார் உள்ளூரில் செய்த சின்னக் கார். நான்கு வருடங்களுக்கு முன் பழையதாக வாங்கியது. துணைக்கு அப்பாவையும் அழைத்துப் போனேன். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் லோரி ஓட்டியவர். "சும்மா வட்டமா சுத்துறதுக்கு இவ்ளோ காசா?" என்று கேட்டுக்கொண்டேதான் வந்தார்.

கடைசிச் சுற்றில் வந்த ஆசை

செப்பாங் தளத்தின் ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர். 1999 முதல் 2017 வரை எஃப்1 கார்கள் ஓடிய அதே தார்ச்சாலை. இரண்டு நீண்ட நேர்ப்பாதைகள் அடுத்தடுத்து வரும். முதல் நேர்ப்பாதையின் முடிவில் ஊசி வளைவு. அதில் திரும்பி மீண்டும் முழு வேகம் பிடித்தால், அடுத்த முடிவில் முதல் வளைவு. இரண்டு இடத்திலும் பிரேக்கை ஓங்கி மிதித்தாக வேண்டும்.

சுற்று முடிக்கும்போது கடைசிச் சுற்றை மெதுவாக, பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டி வர வேண்டும் என்று காலை விளக்கக் கூட்டத்திலேயே சொன்னார்கள். காதில் வாங்கினேன். ஆனால் மாலைக் கடைசி முறையில், இன்னொரு வேகச் சுற்று போகலாமே என்று ஆசை வந்தது. அதையும் முழு வேகத்தில் ஓட்டி, அப்படியே உள்ளே வந்து நிறுத்தி, கைப்பிரேக்கை நறுக்கென்று இழுத்துவிட்டு இறங்கினேன்.

முதலில் வாடைதான் வந்தது. ரப்பர் தீய்ந்ததுபோல, பிளாஸ்டிக் எரிந்ததுபோல ஒரு நாற்றம். பிறகு புகை. கையில் இருந்த தண்ணீர்ப் போத்தலைத் திறந்துகொண்டு ஓடினேன். அப்பா என் கையைப் பிடித்தார்.

"தம்பி, ஊத்தாதே. வெடிச்சிரும்."

மூன்று லிட்டர் தண்ணீர் கொதிக்கும் சூடு

பிரேக் என்ன செய்கிறது? வேகத்தை அது அழிப்பதில்லை. சூடாக மாற்றுகிறது. டிஸ்க்கை இரண்டு பக்கமும் பிரேக் பேட் அழுத்தும்போது ஏற்படும் உராய்வில், காரின் ஓட்டம் வெப்பமாகிவிடுகிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஓட்டுநரோடு சேர்த்து 1,100 கிலோ எடையுள்ள ஒரு சின்னக் கார், 160 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 60க்கு இறங்கினால் பிறக்கும் வெப்பம், சாதாரண சூட்டில் இருக்கும் மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். ஒரே ஒரு மிதியில், சில விநாடிகளில் பிறக்கும் சூடு இது. அதன் பெரும்பகுதி முன்சக்கர டிஸ்க்குகளில்தான் இறங்கும். ஒரு சுற்றில் இப்படிப் பல தடவை மிதித்தால் சூடு ஆற நேரமே இருக்காது.

சூடு ஏறினால் இரண்டு வகையில் ஆபத்து. முதலாவது, பேட்டில் கலந்திருக்கும் பசை தீய்ந்து பிடிமானம் குறையும். பெடல் கெட்டியாகவே இருக்கும், ஆனால் கார் நிற்காது. இரண்டாவது இன்னும் மோசம். பிரேக் ஆயில் கொதித்துவிடும். ஆயிலை அழுத்தினால் சுருங்காது, அதனால்தான் கால் கொடுக்கும் அழுத்தம் சக்கரம் வரை போய்ச் சேருகிறது. கொதித்து ஆவிக் குமிழ் வந்துவிட்டால், நாம் மிதிப்பது குமிழைத்தான். பெடல் தரை வரை இறங்கிவிடும்.

இதில் நம் நாட்டுக்கென்று ஒரு தொல்லை உண்டு. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சும். 'டாட் 4' என்று போட்டிருக்கும் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறிய பிறகு அதற்கு விதிக்கப்பட்ட குறைந்தபட்ச அளவு 155 டிகிரிதான். 'டாட் 3' என்றால் 205 டிகிரி 140 ஆகிவிடும். ஆண்டு முழுக்க ஈரக்காற்று வீசும் ஊரில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அதை மாற்றச் சொல்வது இதனால்தான். என் காரில் நான்கு வருடமாக மாற்றவே இல்லை. இஞ்சின் ஆயிலை மட்டும் தவறாமல் மாற்றிக்கொண்டிருந்தேன்.

நான் செய்த தவறுகள்

முதல் தவறு, ஆற்றும் சுற்றை ஓட்டாதது. ஓடும் காரில்தான் காற்று டிஸ்க்கின் மேல் அடித்து வெப்பத்தை எடுத்துப் போகும். நின்றுவிட்டால் அந்த வெப்பம் பேட் வழியாக உள்ளே போய் ஆயிலைச் சுடும். ஓடும்போது நன்றாக இருந்த பிரேக், நிறுத்திய சில நிமிடங்களில் கெட்டுப்போவது இப்படித்தான். எஃப்1 கார் வந்து நின்றதும் ஊழியர்கள் ஓடிவந்து சக்கரத்துக்குள் காற்றூதும் கருவியை வைப்பதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். 1,000 டிகிரி வரை சூடாகும் கார்பன் பிரேக்குக்கே அந்தக் கவனிப்பு தேவைப்படுகிறது.

இரண்டாவது, நின்ற பிறகும் பெடலை மிதித்துக்கொண்டே இருந்தது. கொதிக்கும் டிஸ்க்கில் பேட் ஒரே இடத்தில் ஒட்டி நின்றால், அதன் பொருள் அங்கே திட்டாகப் படியும். பிறகு ஒவ்வொரு முறை பிரேக் போடும்போதும் ஸ்டீயரிங் உதறும்.

மூன்றாவது, கைப்பிரேக். சூட்டில் விரிந்திருக்கும் பாகங்கள் ஆறும்போது சுருங்கும். அந்த நேரத்தில் கைப்பிரேக் இறுக்கிப் பிடித்திருந்தால் பின்சக்கரம் சிக்கிக்கொள்ளலாம். சமதரையில் நிறுத்தி, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தால் போதும். ஆட்டோ கார் என்றால் 'பி'யில் போட்டுக் கட்டை கொடுங்கள்.

நான்காவது, அப்பா தடுத்த தண்ணீர். வார்ப்பிரும்பு டிஸ்க் பல நூறு டிகிரி சூட்டில் இருக்கும்போது குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விடலாம், கோணலாகலாம். அது தானாகத்தான் ஆற வேண்டும்.

அப்பா சொன்ன லோரிக் கதை

முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். புகை நின்றது. நாற்றமும் குறைந்தது. மறுநாள் காலை ஆறு மணிக்கு எனக்கு நிகழ்ச்சி. ஈப்போவுக்கு 250 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். "கிளம்பலாம்பா" என்றேன்.

அப்பா ஓட்டுநர் இருக்கையில் போய் உட்கார்ந்தார். இஞ்சினைப் போட்டு பிரேக்கை மிதித்தார். எடுத்தார், திரும்ப மிதித்தார்.

"மெத்தையை மிதிக்கிற மாதிரி இருக்கு. போக வேணாம்."

"நெடுஞ்சாலைதானே, மெதுவா போயிரலாம்பா. நாளைக்கு வேலை இருக்கு."

அவர் இறங்கவில்லை. கொஞ்ச நேரம் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே இருந்தார். பிறகு, இத்தனை வருடத்தில் எனக்குச் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

நான் பிறப்பதற்கு முந்திய வருடம் நடந்தது. மலைக்காட்டு நிரையில் மரம் வெட்டியவர்களையும் பால் டின்களையும் ஏற்றிக்கொண்டு அப்பா கீழே இறங்குகிறார். செம்மண் சாலை. டீசல் மிச்சம் பிடிக்க ஃப்ரீ கியரில் போட்டு, பிரேக்கை மட்டுமே நம்பி இறங்குவது அவர் வழக்கம். அன்று லோரியில் சுமை அதிகம். பாதி இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. மிதிக்க மிதிக்க பெடல் உள்ளே போகிறது. கியருக்குள் தள்ளப் பார்த்தால் பற்கள் கரகரவென்று மறுக்கின்றன. இரண்டாம் முயற்சியில் எப்படியோ விழுந்தது. லோரியை மேட்டுப் பக்கம் திருப்பி, ரப்பர் மரங்களில் உரசி நிறுத்தியிருக்கிறார்.

யாரும் சாகவில்லை. ஒரு பாட்டிக்குக் கை முறிந்தது. பால் முழுக்கக் கொட்டிவிட்டது. மண்டோர் ஓடிவந்து முதலில் விசாரித்தது பாலைத்தான்.

"பின்னால யாரு இருந்தா தெரியுமா? உங்கம்மா."

எனக்குப் பேச்சு வரவில்லை.

"அன்னைக்கி இருந்து ஏறுன கியர்லதான் இறங்குவேன். ஒரு மேட்டை ரெண்டாவது கியர்ல ஏறினா, இறங்குறதும் ரெண்டாவதுதான். பிரேக்குக் கொஞ்சம் சந்தேகம் வந்தாலும் லோரி நகராது. பெரிய துரையே வந்து கத்தினாலும் சரி."

நிலையத்துக்குத் தொலைபேசியில் அழைத்து, நாளை வர முடியாது என்று சொன்னேன். பத்து நாள் விடுமுறை கேட்பதைவிட அது கஷ்டமாக இருந்தது. காரை இழுவை லோரியில் ஏற்றி, பக்கத்து ஊரில் ஒரு பட்டறை வாசலில் விட்டுவிட்டு, இரவு அங்கேயே தங்கினோம். காலையில் மெக்கானிக் எடுத்துக் காட்டிய பிரேக் ஆயில் 'கோப்பி ஓ' நிறத்தில் இருந்தது. பேட்டின் மேற்பரப்பு கண்ணாடிபோல் பளபளத்தது. முன்சக்கரத்தில் தூசு புகாமல் காக்கும் ரப்பர் உறை ஒன்று தீய்ந்து சுருங்கியிருந்தது.

அவர் சொன்ன ஒன்றை நினைவில் வையுங்கள். ஒருமுறை கொதித்த ஆயில், ஆறிய பிறகு பெடலைக் கெட்டியாகக் காட்டலாம். அதை நம்பக்கூடாது. அடுத்த சூட்டில் இன்னும் சீக்கிரம் கைவிடும். பழைய ஆயிலை முழுக்க வெளியேற்றிப் புதியது ஊற்றியே ஆக வேண்டும்.

கேமரன் மலைக்கும் இதே கணக்கு

"நாங்கள் எங்கே செப்பாங் போகிறோம்?" என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் பள்ளி விடுமுறைக்குக் கேமரன் மலை போவீர்கள்தானே? தானா ராத்தாவிலிருந்து தாப்பாவுக்கு இறங்கினால் 1,300 மீட்டருக்கும் மேல் இறக்கம். குடும்பத்தோடும் காய்கறி மூட்டையோடும் 1,400 கிலோ எடையில் ஒரு கார் அந்த உயரத்தை இறங்கினால், அத்தனை ஆற்றலும் எங்காவது கழிந்தாக வேண்டும். கணக்குப்படி அது 60 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் வெப்பம். இஞ்சினும் காற்றும் ஒரு பங்கை எடுத்துக்கொண்டால் நல்லது. 'டி'யிலேயே போட்டு பிரேக்கில் கால் வைத்தபடி இறங்கினால், பெரும்பங்கைப் பிரேக்தான் சுமக்க வேண்டும். வேகமே இல்லாமலும் பிரேக் கொதிக்கும்.

மலை இறக்கத்தின் ஆபத்தை நாம் மறக்கக்கூடாது. 2013 ஆகஸ்ட் 21 அன்று கெந்திங் மலையிலிருந்து இறங்கிய பேருந்து பள்ளத்தில் விழுந்து 37 பேர் இறந்தார்கள்.

மலைச் சாலைகளில் 'குனா கியர் ரெண்டா' என்று பலகை வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். குறைந்த கியரைப் பயன்படுத்து என்று அர்த்தம். அப்பா சொன்னதும் அதேதான். இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறையுங்கள். ஆட்டோ காரில் 2, எல், எஸ், பி என்று காருக்குக் கார் மாறும். உங்கள் காரில் எது என்று வீட்டிலேயே கையேட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். பிரேக்கை விடாமல் தேய்த்துக்கொண்டு இறங்காமல், அழுத்திப் போட்டு வேகத்தைக் குறைத்து விட்டுவிடுங்கள். இடையில் பிரேக்குக்கு ஆற நேரம் கிடைக்கும்.

தீய்ந்த வாடை வந்தாலோ, பெடல் மெத்தையாக இருந்தாலோ, பாதுகாப்பான இடத்தில் ஒதுங்குங்கள். அரை மணி, ஒரு மணி நேரம் ஆகட்டும். பெடலில் பழைய கெட்டித்தன்மை வராவிட்டால் ஓட்ட வேண்டாம். ஓடும்போதே பிரேக் கைவிட்டால், பெடலை விட்டுவிட்டு வேகவேகமாக மிதியுங்கள், கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள், கைப்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள், மலைச்சுவர்ப் பக்கம் ஒதுங்குங்கள். ஆட்டோ, மேனுவல் எதுவானாலும் ஃப்ரீ கியருக்கு மட்டும் போகாதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் அந்த லோரிக் கதையைக் கேட்டேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் நிமிரவில்லை. "உங்கப்பா ஒரு வாரம் சரியா சாப்பிடல" என்றார். அவ்வளவுதான்.

அப்பா லோரி ஓட்டிய அந்த மேட்டில் இன்று செம்பனை நிற்கிறது. கீழே லயம் இருந்த இடத்தில் தாமான் வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு, முதல் நாள் ஏன் வரவில்லை என்று நேயர்களிடம் நடந்ததை அப்படியே சொன்னேன். முடிக்கும்போது வழக்கமான "கவனமாகப் போங்கள்" வாய் வரை வந்தது. அதற்குப் பதிலாக, "கடைசியாக எப்போது பிரேக் ஆயில் மாற்றினீர்கள்?" என்று கேட்டேன்.

உங்களிடமும் அதையே கேட்கிறேன்.