கியர்ப்பெட்டியின் குரல்

தவில் மேதை தட்சிணாமூர்த்தியைத் தந்த ஊர் இணுவில். தவிலின் வார் சற்றே தளர்ந்தாலும் அவ்வூர்ச் செவி அறியும். அத்தகைய செவி, காங்கேசன்துறை வீதியிற் செல்லும் லொறிக்கும் உதவும். கியர்ப்பெட்டியிற் சத்தம் என்றவுடன் அதனைக் கழற்ற முனைவோர் பலர். முதலிற் கேட்டறிதல் நன்று.

எண்ணெய் குறைந்தாற் கியர்கள் எல்லாமே முனகும். ஆதலால் அதன் அளவை முன்னதாகப் பாருங்கள். பின்னர் லொறியை நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, இயந்திரத்தை ஓடவிடுங்கள். அப்போது எழும் இரைச்சல், கிளச்சை மிதித்ததும் அடங்குமாயின், பெட்டியினுள்ளே பெயாரிங் தேய்ந்திருத்தல் கூடும். மிதிக்கும்போது மட்டும் இரைந்தால், கிளச்சை விலக்கும் பெயாரிங்கையே ஐயுறவேண்டும். ஓட்டத்தில் ஒரே கியர் மட்டும் இரைந்தால், குறை அதன் பற்களில்.

நின்ற லொறியில் எந்தக் கியரும் கரகரத்தே விழுமானால், கிளச் முற்றாக விலகவில்லை. பலவேளை அதனைச் சரிப்படுத்தினாற் போதும். இருமுறை கிளச் மிதிக்கவேண்டிய பழைய லொறிகளில், ஓட்டத்திற் கேட்கும் கரகரப்பு பெரும்பாலும் சாரதியின் அவசரமேயன்றிப் பெட்டியின் குற்றமன்று!

விழுந்த கியர் தானே நழுவுவதுதான் அஞ்சத்தக்கது. யாழ்ப்பாணச் சமவெளியில் அதனைக் கையாற் பிடித்தபடியே ஓட்டிவிடலாம். நுவரெலியா மலையிறக்கத்திலோ, கியர் நழுவிய கணமே இயந்திரத்தின் பிடி அற்றுச் சுமை முழுவதும் பிரேக்கின்மேல் விழும். சூடேறிய பிரேக் பிடிக்காது. பிணைக்கும் பற்களும், கியரை நிறுத்தும் வில்லும் தேய்ந்துள்ளனவா என்று புறப்படுமுன் பார்ப்பித்துக்கொள்ளுங்கள்.