கச்சேரியைக் கெடுக்கும் 'உம்' சத்தம்

வித்வான் ஆலாபனையை முடித்து ஒரு கணம் நிறுத்துகிறார். சபை அமைதியாக இருக்கிறது. அப்போதுதான் ஸ்பீக்கரிலிருந்து 'உம்ம்ம்' என்று ஒரு முனகல் விடாமல் வந்துகொண்டிருப்பது எல்லோர் காதிலும் விழுகிறது. மைக் செட்காரர் ஓடி வந்து ஒரு ஒயரை ஆட்டிப் பார்க்கிறார். சத்தம் நிற்பதில்லை.

பெங்களூர் சாமராஜப்பேட்டையில் 1939-ல் தொடங்கிய ராமநவமி இசை விழாவைப் போல், வெளிமாநிலத் தமிழர்களும் திரளாக வந்து கேட்கும் கச்சேரிகளில் பல, பந்தலில் நடப்பவை. தற்காலிகப் பந்தல், தற்காலிக மின்சாரம், வாடகை மைக் செட் மூன்றும் சேருமிடத்தில் இந்த முனகலும் எளிதில் சேர்ந்துகொள்கிறது.

நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி கொண்டது. அது ஒலிக்கருவிக்குள் புகுந்தால் 50 என்ற அதிர்வெண்ணிலும், அதன் மடங்குகளான 100, 150, 200-லும் ஓசை எழும். ஒரு கட்டை சுருதியில் பாடுபவருக்கு இது பெரிய தொல்லை. அவருடைய பஞ்சமத்தின் அதிர்வெண் ஏறக்குறைய 196. அதற்குக் கீழ் ஸ்தாயியில் 98. மின்சாரம் முனகுவதோ 200-லும் 100-லும்! பஞ்சமம் போலவே இருந்துகொண்டு பஞ்சமமாக இல்லாத ஒரு சுரம், தம்புராவோடு போட்டி போடுகிறது.

காரணங்களில் முக்கியமானது எர்த் சம்பந்தப்பட்டது. மேடையிலுள்ள கீபோர்டு மேடையருகே ஒரு பிளக்கிலும், மிக்சர் பந்தலின் பின்கோடியில் வேறொரு பிளக்கிலும் செருகப்பட்டிருக்கும். இரண்டு இடத்து எர்த்துக்கும் மின்னழுத்தத்தில் சிறு வித்தியாசம் இருந்தால் போதும். இரண்டையும் இணைக்கும் ஒலிக் கேபிளின் மேலுறை வழியாக மின்சாரம் ஓடத் தொடங்கும். அதை ஆம்ப்ளிபயர் பெரிதாக்கித் தருகிறது. மேடைக்கும் மிக்சருக்கும் ஒரே போர்டிலிருந்து மின்சாரம் எடுத்தால் பெரும்பாலும் சத்தம் அடங்கிவிடும். அடங்காவிட்டால், நடுவில் டிரான்ஸ்பார்மர் உள்ள 'டி.ஐ. பாக்ஸ்' என்ற சிறு பெட்டி இருக்கிறது. பாட்டு அதன் வழியே போகும். எர்த்தில் ஓடும் மின்சாரம் போகாது.

வீணையில் ஒட்டும் காண்டாக்ட் மைக் தனிப் பிரச்னை. அதன் ஒயர் நீளமாக இருந்தால் ஏரியல் போலச் சுற்றிலுமுள்ள இரைச்சலை எல்லாம் பிடிக்கும். ஒயரைக் குட்டையாக வைத்து, அருகிலேயே டி.ஐ. பாக்ஸில் செருகி, அங்கிருந்து மூன்று பின் கேபிளில் அனுப்புவதே நல்லது. இந்தக் கேபிளுக்குள் இரண்டு கம்பிகள் ஒரே பாட்டை ஒன்றுக்கொன்று நேர்மாறாகக் கொண்டுபோகின்றன. வழியில் சேரும் இரைச்சல் இரண்டிலும் ஒரே மாதிரி விழுகிறது. மறுமுனையிலுள்ள கருவி ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கும்போது இரைச்சல் அடிபட்டுப் போகிறது. பாட்டு மட்டும் மிஞ்சுகிறது.

'உம்' என்றில்லாமல் 'ஜ்ஜ்ஜ்' என்று கூர்மையாகக் கேட்டால், அலங்கார விளக்கின் டிம்மரைச் சந்தேகிக்கலாம். விளக்குகளுக்குத் தனி லைன் கொடுக்க வேண்டும். மைக் ஒயரும் மின்சார ஒயரும் கூடவே ஓடக்கூடாது. குறுக்கிட்டே ஆகவேண்டிய இடத்தில் செங்குத்தாகக் கடக்க வேண்டும். எலக்ட்ரானிக் தம்புராவின் அடாப்டரும் சில சமயம் குற்றவாளி. பாட்டரியில் ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். மேடைத் தோரணத்துக்கும் பொன்னாடைக்கும் தாராளமாகச் செலவழிக்கும் விழாக் குழுவினர் கேபிள் விஷயத்தில் மட்டும் சிக்கனம் பார்ப்பது விசித்திரமே.

பெரிய பின்னை வெட்டாதீர்!

மைக் செட் உலகில் ஒரு குறுக்குவழி உண்டு. மூன்று பின் பிளக்கிலுள்ள பெரிய பின்னை, அதாவது எர்த்தை, கழற்றிவிடுவார்கள். சத்தம் உடனே நிற்கும், 'பார்த்தீர்களா' என்பார்கள். ஆனால் கருவிக்குள் ஒரு ஒயர் நைந்து உலோக மூடியில் பட்டால், 230 வோல்ட் அப்படியே அதில் நிற்கும். ஒரு கையில் அந்தக் கருவி, மறு கையோ உதடோ மைக்கில் என்றால் மின்சாரம் உடல் வழியே பாயும். 1972 மே 3-ல், பிரிட்டனின் ஸ்வான்சீ நகர மேடையில் லெஸ் ஹார்வி என்ற கிட்டார் கலைஞர், எர்த் சரியாக இல்லாத மைக்கைத் தொட்டு உயிரிழந்தார். அவருக்கு வயது 27.

டி.ஐ. பாக்ஸில் எர்த்தைத் துண்டிக்கும் சுவிட்ச் உண்டே என்று கேட்கலாம். அது துண்டிப்பது ஒலிக் கேபிளின் எர்த்தை மட்டுமே. கருவியின் மின்சார எர்த் அப்படியே இருக்கும். ஜெனரேட்டர் வைத்தால் அதற்கும் முறையாக எர்த் போட வேண்டும். விநாயகர் சதுர்த்திப் பந்தல்கள் மழைக்காலத்தில் எழுபவை. தரை ஈரம், கலைஞர்கள் வெறுங்கால். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கரை மேடை லைனில் போட்டு, அதிலுள்ள 'டெஸ்ட்' பொத்தானைக் கச்சேரிக்கு முன்பே ஒரு முறை அழுத்திப் பார்த்துவிட வேண்டும்.