முகாம் போட்டால் மட்டும் போதுமா?

ஓசூர்ப் பக்கம் எந்தத் தெருவில் கேட்டாலும் வீட்டுக்கு ஒருவர் கம்பெனி வேலைக்குப் போகிறவராக இருப்பார். எழுபதுகளில் சிப்காட் வந்தது. எண்பதுகளில் லாரி, மொபெட், கைக்கடிகாரம் என்று தொழிற்சாலைகள் வரிசையாக எழுந்தன. இன்று எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனிகளில் ஆயிரக்கணக்கான பெண்பிள்ளைகள் ஷிப்டு பார்க்கிறார்கள். எல்லை தாண்டி அத்திப்பள்ளிப் பக்கம் போய் வருகிறவர்களும் உண்டு. இவர்கள் உடம்பைப் பற்றி நாம் கவலைப்படாமல் வேறு யார் படுவது?

‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ந் தேதி நம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. வீடு தேடி வந்து பி.பி., சுகர் பார்த்து மாத்திரை தருகிறார்கள். மாமனார், மாமியாருக்கு அது பெரிய உதவி. ஆனால் பகலில் வேலைக்குப் போனவர் வீட்டில் எங்கே இருக்கிறார்? அப்படிப்பட்டவர்களை வேலை செய்யும் இடத்திலேயே பரிசோதிக்க 2024-ல் ‘தொழிலாளரைத் தேடி மருத்துவம்’ வந்தது.

சரி, கம்பெனிக்குள்ளேயே மேஜை போட்டு உட்கார்ந்தாச்சு. எல்லோரும் போய்ப் பார்த்துக்கொள்கிறார்களா? அதுதான் இல்லை!

“லைனை விட்டு எப்படிங்க போறது? மாத்திவிட ஆள் இல்லையே” என்பார் ஒருவர். “சுகர்னு தெரிஞ்சா வேலையை விட்டு நிறுத்திடுவாங்களோ” என்பது கான்டிராக்ட் ஆட்களின் பயம். நோட்டீஸோ ஆங்கிலத்தில் ஒட்டியிருக்கும். படிக்க வேண்டியவர்கள் பேசுவது தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி. பெண்களுக்குக் கூச்சம் வேறு. பாத்ரூம் போகவே தயங்கித் தயங்கி அனுமதி கேட்கிற இடத்தில், தண்ணீரைக் குறைத்துக் குடித்து, சிறுநீரை அடக்கி, நீர்க்கடுப்பை வரவழைத்துக்கொள்கிறார்கள். அந்தப் பெண் முகாமில் போய் மனம் திறந்து பேசுவாளா?

டாக்டர் கெட்டிக்காரராக இருந்தால் மட்டும் போதாது. சூப்பர்வைசரே முதல் ஆளாகக் கையை நீட்டி பி.பி. பார்த்துக்கொள்ளட்டும். சம்பளம் பிடிக்காமல் கால்மணி நேரம் விடட்டும். முடிவை ஊரறியச் சொல்லாமல் அவரவர் கையில் கவரில் கொடுக்கட்டும். பெண்களுக்கு ஒரு நர்ஸம்மாவை உட்கார வைக்கட்டும். கூப்பிடாமலே ஆட்கள் வருவார்கள்.

ரத்த அழுத்தம் பெரும்பாலும் தலைவலிகூடத் தராமல் உள்ளேயே இருக்கும். 140/90-க்கு மேல் திரும்பத் திரும்பக் காட்டினால் டாக்டரிடம் போயே ஆக வேண்டும். வெறும் வயிற்றில் சுகர் 126-ஐத் தொட்டாலும் அப்படித்தான். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே போனால் ரத்தசோகை.

வீட்டிலிருந்து நாம் செய்யக்கூடியதும் உண்டு. முகாம் என்று தெரிந்தால், “பார்த்துக்கிட்டீங்களா?” என்று தன்மையாகக் கேளுங்கள். போகாவிட்டால் கோபிக்காமல், ஏன் போகவில்லை என்று விசாரியுங்கள். முடிவை ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள். இன்னொன்றையும் எடுத்துச் சொல்லுங்கள்: ஈ.எஸ்.ஐ. சந்தா உரிய நாட்கள் கட்டியவருக்கு, டாக்டர் சான்றிதழோடு நோய் விடுப்பு எடுத்தால், வருஷத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். நோய் தெரிந்தால் அடுப்பு அணைந்துவிடும் என்ற பயம் போனாலே பாதித் தயக்கம் தீர்ந்துவிடும்.