உங்களுக்குத் தெரியுமா? மாதவி ஆடிய மேடையின் அளவு!

நாடக மேடை எப்படி அமைய வேண்டும் என்பதைச் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை அளவோடு சொல்கிறது. கணுவுக்குக் கணு ஒரு சாண் இடைவெளி உள்ள மூங்கிலைத் தேடி வெட்டி, 24 விரல் நீளத்துக்கு அளவுகோல் செய்தார்கள். அந்தக் கோலால் மேடையின் அகலம் 7, நீளம் 8, உயரம் 1. தளப் பலகைக்கும் மேலே உள்ள உத்தரப் பலகைக்கும் இடையே 4 கோல். உள்ளே வர ஒன்று, வெளியேற ஒன்று என 2 வாயில்கள். ஒரு விரலை ஓர் அங்குலமாகக் கொண்டால், 14 அடிக்கு 16 அடி. காப்பியத்தின் ஆடல் மகளான பன்னிரண்டு வயது மாதவி தனியே ஆடிய மேடைக்கு இது தாராளம்.

திரைச்சீலைக்கு அன்று எழினி என்று பெயர். ஒரு பக்கத்திலிருந்து இழுப்பது ஒருமுக எழினி. இருபுறமிருந்தும் வந்து நடுவில் சேர்வது பொருமுக எழினி. மேற்கட்டில் மறைந்திருந்து கீழிறங்குவது கரந்துவரல் எழினி. இந்த மூன்று வகைத் திரையையும் இன்றைய அரங்குகளிலும் பார்க்கலாம்.

எல்லாவற்றையும் விட வியக்க வைப்பது விளக்கு வைத்த விதம்தான். தூணின் நிழல் ஆடுபவர் மேலோ ஆடுமிடத்திலோ விழக் கூடாது. அரங்குக்கு வெளியே போய் விழ வேண்டும். அதற்கேற்ற இடம் பார்த்து விளக்கை நிறுத்தினார்கள். மின்விளக்கு வந்த பிறகும் ஒளியமைப்பாளர்கள் நிழல் விழும் இடத்தைக் கவனிக்கிறார்கள்.